வளர்ற ஊருக்கு ஸ்லோகனும் அடையாளமும் தேடுறது எப்படி: ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்

ஒரு ஊர் வளர ஆரம்பிச்சதும் யாராவது ஒருத்தர் கண்டிப்பா கேப்பாங்க, நமக்குன்னு ஒரு ஸ்லோகன் வேணாமா, ஒரு லோகோ வேணாமான்னு. கேக்குறதுல தப்பே இல்ல. ஆனா அடுத்த வாரமே பத்து பேர் மேஜைய சுத்தி உக்காந்து போர்டுல வார்த்தைங்கள எழுத ஆரம்பிச்சிடுறாங்க பாருங்க, அங்கதான் வேலை கெட்டுப்போகுது. அந்த போர்டுல என்ன வரும்னு இப்பவே சொல்லிடலாம்: கனவு, வாய்ப்பு, எதிர்காலம், துடிப்பு, ஒற்றுமை. "வாழ, உழைக்க, மகிழ"ன்னு மூணு வார்த்தை சேர்ந்து ஒரு வரி வந்தே தீரும். எந்த ஊர் பேர முன்னாடி போட்டாலும் ஒட்டுற வரி அது, அதனாலயே எந்த ஊர்லயும் நிக்காது.

நான் பாத்த வரைக்கும் நல்ல ஸ்லோகன் பெரும்பாலும் ஊருக்குள்ள யாரோ ஒருத்தர் வாயில ஏற்கனவே இருக்கும். நாம செய்ய வேண்டியது காது குடுத்து கேட்டு அத எடுக்குறது, எடுத்தத துடைக்குறது, அப்புறம் அது பொய்யாகாம பாத்துக்குறது. இந்த மூணுல கடைசிதான் ரொம்ப கஷ்டம். கீழ எழுதியிருக்குற படிகள்ல ஸ்லோகன் எழுதுறது அஞ்சாவதாதான் வருது, அவசரப்பட்டு அங்க தாவிடாதீங்க.

முதல் படி: யாருக்காகன்னு முடிவு பண்ணுங்க

சுற்றுலாப் பயணிக்கா, முதலீடு போட வர்ற கம்பெனிக்கா, குடிவர நினைக்குற குடும்பத்துக்கா, ஏற்கனவே இருக்குற ஊர்க்காரங்களுக்கா? எல்லாருக்கும்னு சொன்னீங்கன்னா யாருக்குமே இல்லாத வரிதான் கிடைக்கும்.

அமெரிக்காவுல சூதாட்டத்துக்கும் கேளிக்கைக்கும் பேர் போன லாஸ் வேகஸ் 2003ல விட்ட "இங்க நடக்குறது இங்கயே இருக்கும்"ங்கற வரிய எடுத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி 1990கள்ல குடும்பத்தோட குழந்தைங்கள கூட்டிட்டு வர்ற இடம்னு தன்னை காட்டிக்க அந்த ஊர் முயற்சி பண்ணுச்சு. இந்த வரி அந்த குழப்பத்தையே தூக்கிப்போட்டு, வர்றவங்களுக்கு அங்க கிடைக்குற சுதந்திரத்த மட்டும் பேசுச்சு. ஊர் பேர் கூட வரியில இல்ல, ஆனா உலகத்துக்கே தெரியும். அந்த வரி அங்க குடியிருக்குற ஒரு ஸ்கூல் டீச்சருக்காக எழுதினது கிடையாது, அத எழுதுனவங்களுக்கும் அது நல்லாவே தெரியும்.

வளர்ற ஊருக்கு நான் சொல்றது, முதல்ல ஊர்க்காரங்கள வைங்க. வெளியில இருந்து வர்றவன் எப்படியும் உள்ளூர் ஆள்கிட்டதான் விசாரிப்பான், அந்த ஆளே முகத்த சுளிச்சா உங்க விளம்பரம் அத்தோட முடிஞ்சுது.

இரண்டாவது படி: கேளுங்க, நிறைய கேளுங்க

மொத்த வேலையில பாதி நேரம் இதுக்கே போகணும். ஆன்லைன்ல ஒரு ஃபார்ம் போட்டு "நம்ம ஊர ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேட்டா "அழகு", "அமைதி"ன்னுதான் வரும், அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நேர்ல போங்க. அம்பது அறுபது பேர்கிட்ட ஆளுக்கு அரை மணி நேரம் பேசுனா போதும், ஆனா யார்கிட்ட பேசுறீங்கங்கறதுல கவனமா இருங்க. மூணு தலைமுறையா இருக்குறவங்க, போன வருஷம் குடிவந்தவங்க, வேலைக்காக தினம் வந்துட்டு திரும்பிப் போறவங்க, ராத்திரி ஷிஃப்ட் பாக்குறவங்க, டாக்ஸி ஓட்டுறவங்க, பதினாறு வயசு பசங்க, அப்புறம் முக்கியமா ஊர விட்டுப் போயிட்டவங்க. போனவங்க எத நினைச்சு ஏங்குறாங்களோ அது இருக்குறவங்க கண்ணுல படாது. பழக்கமாயிட்டா எதுவும் கண்ணுக்கு தெரியாது இல்லயா.

கேள்விங்கள நேரடியா வைக்காதீங்க. நான் கேக்குறது இந்த மாதிரி இருக்கும்: வெளியூர் நண்பர் ஒரு நாள் மட்டும் வந்தா முதல்ல எங்க கூட்டிட்டு போவீங்க? இந்த ஊர்க்காரன்னு ஒருத்தர எத வச்சு கண்டுபிடிப்பீங்க? பக்கத்து ஊர்க்காரங்க நம்மள என்ன சொல்லி கிண்டல் பண்றாங்க? ஊர் இன்னும் பெருசாச்சுன்னா எது மட்டும் மாறவே கூடாது? இங்க வந்து முதல் வாரம் எது பிடிக்காம போச்சு? கடைசி ரெண்டுலதான் தங்கம் கிடைக்கும். பதில சுருக்கி எழுதாதீங்க, அவங்க சொன்ன வார்த்தைய சொன்ன மாதிரியே எழுதுங்க, இல்ல அனுமதி வாங்கி ரெக்கார்ட் பண்ணுங்க, ஏன்னா நீங்க தேடுற வரி அந்த வார்த்தைக்குள்ளதான் இருக்கு, உங்க சுருக்கத்துல இருக்காது.

"எது மாறக்கூடாது"ங்கற கேள்விக்கு உலகத்துலயே பேர் போன பதில் அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத்துல வந்துச்சு. 2000ல ஒரு நூலக ஊழியர் உள்ளூர் ரேடியோவுக்கு போன் பண்ணி நன்கொடை குடுக்குறப்போ, ஏன் குடுக்குறீங்கன்னு கேட்டதுக்கு, ஆஸ்டின் இப்படியே விசித்திரமா இருக்கட்டும்ங்கற அர்த்தத்துல "கீப் ஆஸ்டின் வியர்ட்"னு பேச்சுவாக்குல சொன்னார். அப்புறம் அவரே ஸ்டிக்கர் அடிச்சு குடுக்க, உள்ளூர் சின்ன வியாபாரிங்க சங்கம் எடுத்துக்க, ஊர் முழுக்க பரவிடுச்சு. அந்த சமயத்துல ஆஸ்டின் மக்கள்தொகை ஏறக்குறைய ஆறரை லட்சம், 2020 கணக்கெடுப்புல ஒம்பதரை லட்சத்த தாண்டிடுச்சு. அவ்ளோ வேகமா வளர்ற ஊர்ல, வளர்ச்சியில நம்ம குணம் காணாம போயிடுமோங்கற பயம்தான் அந்த ரெண்டு மூணு வார்த்தையில இருக்கு. எந்த கமிட்டியும் "விசித்திரம்"ங்கற வார்த்தைக்கு கையெழுத்து போட்டிருக்காது.

மூணாவது படி: சொன்னது உண்மையான்னு பாருங்க

கேட்டதையெல்லாம் மூணு குவியலா பிரிங்க. இன்னிக்கே உண்மையா இருக்குறது ஒரு குவியல். வேலை ஆரம்பிச்சாச்சு, பணம் ஒதுக்கியாச்சு, அஞ்சு வருஷத்துல வந்துடும்ங்கறது இன்னொண்ணு. சும்மா ஆசை, அது மூணாவது. ஸ்லோகன் முதல் குவியல்ல இருந்து எடுக்கணும், ரெண்டாவது குவியல்ல இருந்து கொஞ்சம் தொட்டுக்கலாம். மூணாவது பக்கமே போகாதீங்க. வளர்ற ஊர்ல அந்த மூணாவது குவியல்ல கை வைக்குற ஆசை ரொம்ப வலுவா இருக்கும், ஏன்னா எல்லாரும் வரப்போற ஊர பத்தியே பேசுவாங்க, ஆனா குடியிருக்குறவன் இன்னிக்கு ஊர்லதான் டிராஃபிக்ல நிக்குறான்.

ஸ்காட்லாந்துல இருக்குற கிளாஸ்கோ கதை இதுக்கு நல்ல பாடம். கப்பல் கட்டுற தொழில் சரிஞ்சு, வன்முறை நகரம்னு கெட்ட பேர் வாங்கி கிடந்த ஊர். 1983ல கிளாஸ்கோ எவ்வளவோ தேவலைங்கற அர்த்தத்துல "கிளாஸ்கோஸ் மைல்ஸ் பெட்டர்"னு ஒரு வரி விட்டாங்க, குழந்தைங்க கதைல வர்ற மஞ்சள் நிற சிரிச்ச முக கேரக்டர கூட போட்டு. அந்த வரிய சேர்த்து வாசிச்சா "ஸ்மைல்ஸ் பெட்டர்"னும் கேக்கும், கிளாஸ்கோ நல்லா சிரிக்குதுன்னு. வார்த்தை விளையாட்டு அழகுதான், ஆனா அது மட்டும் வச்சு ஊர் பேர் மாறல. அதே 1983ல பரெல் கலெக்‌ஷன் மியூசியம் திறந்தாங்க, 1988ல கார்டன் ஃபெஸ்டிவல் நடத்துனாங்க, 1990ல ஐரோப்பிய கலாச்சார நகரம்ங்கற பட்டம் வந்துச்சு. வரி ஒண்ணு சொல்ல, பின்னாடியே ஊர் அத செஞ்சு காட்டிட்டு வந்துச்சு. இந்த ஜோடி இல்லாம எந்த ஸ்லோகனும் நிக்காது.

நாடுகளுக்கும் ஊர்களுக்கும் பிராண்ட்ங்கற பேச்ச 1990கள்ல முன்னெடுத்தவர்ல முக்கியமானவர் சைமன் அன்ஹோல்ட். லோகோவும் விளம்பரமும் மட்டும் வச்சு ஒரு இடத்தோட பேர மாத்த முடியும்ங்கறதுக்கு ஆதாரமே இல்லன்னு அவரே திரும்பத் திரும்ப சொல்றார். இந்த வேலைய ஆரம்பிக்குற எல்லாரும் முதல் மீட்டிங்லயே இத சத்தமா படிச்சிடணும்னு நான் ஆசைப்படுறேன்.

நாலாவது படி: உள்ளுக்குள்ள ஒரு வரி

இது வெளிய வராது. "இந்த மாதிரி ஆளுங்களுக்கு, இந்த விஷயம், மத்த ஊர விட நம்ம ஊர்ல நல்லா கிடைக்குது, ஏன்னா இது இது இருக்கு" அப்படிங்கற வடிவத்துல சாதாரண பேச்சுல எழுதுங்க. அந்த "ஏன்னா"வுக்கு அப்புறம் குறைஞ்சது மூணு விஷயம் கையில தொட்டு காட்டுற மாதிரி இருக்கணும். இல்லன்னா மூணாவது படிக்கு திரும்புங்க. சரியா வந்தா அரைப்பக்கம்தான், ஆனா இனிமே வர்ற எல்லா சண்டையையும் இந்த அரைப்பக்கம்தான் தீர்த்து வைக்கும்.

அஞ்சாவது படி: இப்ப எழுதலாம்

எழுதத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேர் மட்டும் உக்காருங்க. கூட்டம் வேணாம். நூறு வரி எழுதுங்க, முதல் முப்பது குப்பைதான், எல்லாரும் எழுதுறதுதான் முதல்ல வரும், அது வெளிய வந்து தீர்ந்தாதான் அடுத்தது வரும். ரெண்டாவது படியில எழுதி வச்ச மக்கள் பேச்ச பக்கத்துல வச்சுக்கோங்க, அப்பப்போ அதுல இருந்து அப்படியே ஒரு துண்ட தூக்கி வரியா வச்சுப் பாருங்க.

நூறுல இருந்து அஞ்சுக்கு வர்றதுக்கு நான் வச்சிருக்குற சோதனைங்க இது. ஒண்ணு, ஊர் பேர எடுத்துட்டு வேற ஊர் பேர போடுங்க, இன்னும் சரியா இருந்தா வரிய கிழிச்சுப் போடுங்க. அடுத்தது, மோசமான நாள் சோதனை: தெருவுல முட்டி அளவு தண்ணி நிக்குது, அந்த தண்ணிக்கு நடுவுல உங்க ஸ்லோகன் எழுதுன போர்டு நிக்குதுன்னு கற்பனை பண்ணுங்க, அந்த போட்டோ எல்லா போனுக்கும் போகும், அப்ப அந்த வரி எரிச்சல் மூட்டுமா இல்ல தாங்குமா? "உலகத்தரம்"னு எழுதுனவங்க அன்னிக்கு மாட்டுவாங்க. அப்புறம் வாய் சோதனை, ஒரு ஊர்க்காரர் வெளியூர் நண்பர்கிட்ட சிரிக்காம, வெக்கப்படாம இத சொல்வாரா? பதினாறு வயசு பசங்க நாலு பேர்கிட்ட குடுத்து எப்படியெல்லாம் கேலியா மாத்தலாம்னு கேளுங்க, அவங்க அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிக்குறத உங்க கமிட்டி அஞ்சு மாசத்துலயும் கண்டுபிடிக்காது. ஊர்ல பேசுற எல்லா மொழியிலயும் சொல்லிப் பாருங்க, மொழிபெயர்த்தா அர்த்தம் செத்துப்போற சிலேடைய ஒரு மொழிக்காரங்க மட்டும்தான் ரசிப்பாங்க, மத்தவங்களுக்கு அது கதவ சாத்துன மாதிரி.

இன்னொண்ணு, ஸ்லோகனே வேணாம்ங்கற முடிவுக்கும் இடம் குடுங்க. போர்த்துகல்ல போர்ட்டோ நகரம் 2014ல கொண்டு வந்த அடையாளத்துல வரின்னு ஒண்ணும் கிடையாது, ஊர் பேரும் பின்னாடி ஒரு முற்றுப்புள்ளியும்தான். போர்ட்டோன்னா போர்ட்டோதான், மேல பேச்சில்லங்கற தோரணை. தன் பேர் மேல நம்பிக்கை இருக்குற ஊருக்கு அது போதும். பேர் இன்னும் வெளிய தெரியாத வளர்ற ஊருக்கு பெரும்பாலும் ஒரு வரி தேவைப்படும், ஆனாலும் கேட்டுப் பாருங்க.

ஆறாவது படி: கண்ணுக்கு தெரியுற அடையாளம்

லோகோன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது நியூயார்க்கோட அந்த "ஐ லவ் நியூயார்க்" சிவப்பு இதயம். 1975ல திவாலாகுற நிலைமைக்கு போன நகரம், 1977ல மாநில அரசு சுற்றுலாவுக்காக பிரச்சாரம் ஆரம்பிக்குறப்போ டிசைனர் மில்டன் கிளேசர் வரைஞ்சு குடுத்தது, டாக்ஸியோட பின்சீட்ல உக்காந்து ஒரு துண்டு பேப்பர்ல கிறுக்குனதுதான் முதல் வடிவம், அதுக்கு அவர் காசே வாங்கல. இந்த கதைய கேட்டுட்டு நமக்கும் ஒரு டாக்ஸி பயணத்துல வந்துடும்னு நிறைய பேர் நினைக்குறாங்க. அந்த கிறுக்கலுக்கு முன்னாடி நியூயார்க்ல பொறந்து வளர்ந்த ஒருத்தர் வாழ்க்கையே இருந்துச்சு. அந்த ஊர நேசிக்குற ஆள்கிட்ட வேலைய குடுங்க, வெளியூர் டிசைனரா இருந்தா கூட ஒரு மாசமாவது அங்க தங்கி நடக்கட்டும்.

இப்ப ஊருக்கு தேவை ஒத்த லோகோ மட்டும் கிடையாது, ஒரு குடும்பம் மாதிரி சேர்ந்து நிக்குற முழு அமைப்பு. போர்ட்டோவுல அந்த ஊர் சுவர்கள்ல இருக்குற நீல ஓடுகள எடுத்து, பாலம், மணிக்கூண்டு, டிராம், திராட்சைன்னு 70க்கு மேல சின்னச் சின்ன நீல ஐகான் வரைஞ்சாங்க, எல்லாம் கோட்டால ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு ஒரு சுவர் மாதிரி நீண்டுகிட்டே போகும். வளர்ற ஊருக்கு இத விட நல்ல யோசனை எனக்குத் தெரியல, புதுசா ஒரு பாலம் கட்டுனா புதுசா ஒரு ஐகான் சேர்த்துடலாம், எதையும் அழிக்க வேணாம்.

ஃபின்லாந்து தலைநகர் ஹெல்சின்கி வேற பிரச்சனைய தீர்த்துச்சு. ஒவ்வொரு துறையும் தனித்தனி லோகோ வச்சுகிட்டு இருந்துச்சு, 2017ல எல்லாத்தையும் ஒண்ணாக்கி, பழைய நகரச் சின்னத்துல இருக்குற வடிவத்தையே ஃபிரேமா எடுத்து உள்ள ஊர் பேர வச்சாங்க. அங்க ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் ரெண்டும் ஆட்சி மொழி, அதனால ஹெல்சின்கி, ஹெல்சிங்ஃபார்ஸ்னு ரெண்டு பேருக்கும் அந்த ஃபிரேம் பொருந்துற மாதிரி செஞ்சிருக்காங்க. ஒண்ணுக்கு மேல எழுத்து முறை இருக்குற ஊர்ல முதல் நாளே எல்லா எழுத்துலயும் வரைஞ்சு பாத்துடுங்க. ஒரு எழுத்துல லோகோவ முடிச்சிட்டு மத்தத கடைசியில கிடைச்ச ஃபான்ட்ல ஒட்டுனா அது பாக்குற யாருக்கும் தெரியும், ரெண்டாந்தரமா நடத்துறாங்கன்னு மனசுல பதியும், அந்த காயம் லேசுல ஆறாது.

வரைஞ்சத கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல மட்டும் பாத்து ஓகே பண்ணாதீங்க. குப்பை லாரி மேல, தண்ணி பில் மூலையில, போன்ல விரல் நகம் அளவு, கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்ல, தூரத்துல இருந்து ஓடுற பஸ்ல, சட்டைப்பையில தையலா போட்டு பாருங்க. அஞ்சு கலர் கலந்து பளபளக்குற லோகோ ஜெராக்ஸ்ல கறுப்பு கட்டியா வரும். கண்பார்வை குறைஞ்சவங்களுக்கும் நிறம் பிரிச்சு தெரியுதான்னு பாக்கணும், இது ஊரோட அடையாளம், யாரையும் விட்டுட முடியாது.

ஏழாவது படி: யார் முடிவு பண்றது

மக்கள் ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்தா பிரச்சனை வராதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. தென்கொரியத் தலைநகர் சியோல்ல 2015ல பொதுமக்கள் ஓட்டையும் சேர்த்துதான் "ஐ.சியோல்.யூ"ங்கற வரிய எடுத்தாங்க, அர்த்தமே புரியலன்னு ஊர் முழுக்க விமர்சனம், 2023ல மேயர் மாறுனதுக்கு அப்புறம் "சியோல், மை சோல்"னு மாத்திட்டாங்க. கிளாஸ்கோவுல அதே பொதுமக்கள் பங்கேற்புலதான் 2013ல "பீப்பிள் மேக் கிளாஸ்கோ" வந்துச்சு, அது நிலைச்சுடுச்சு. என்ன வித்தியாசம்னு யோசிச்சா, கிளாஸ்கோவுல மக்கள்கிட்ட முதல்ல கேட்ட கேள்வி நம்ம ஊர எது சிறப்பாக்குதுன்னு, அதுக்கு மக்கள்தான்னு வந்த பதிலே வரியாயிடுச்சு. என் கருத்து இதுதான், மக்கள கச்சாப்பொருளுக்கு கூப்பிடுங்க, கடைசி அஞ்சுல எதாவது உறுத்துதான்னு கேக்க கூப்பிடுங்க, முடிவ மட்டும் பேர் சொல்லி பொறுப்பேத்துக்குற மூணு பேர் எடுக்கட்டும். அந்த மூணு பேர்ல எதிர்க்கட்சி ஆள் ஒருத்தர் இருந்தா ரொம்ப நல்லது, நாளைக்கு ஆட்சி மாறுனாலும் அவருக்கும் இது சொந்தப் பிள்ளை.

எட்டாவது படி: சட்ட வேலை

அலுப்பான படிதான், தாண்டிடாதீங்க. அதே வரி வேற யாராவது பதிவு பண்ணியிருக்காங்களான்னு டிரேட்மார்க் தேடல் பண்ணுங்க, இணைய முகவரி, சோஷியல் மீடியா பேர் எல்லாம் அறிவிக்குறதுக்கு முந்தியே எடுத்து வைங்க, ஃபான்ட் லைசென்ஸ் எத்தன கம்ப்யூட்டருக்குன்னு பாருங்க, டிசைனர்கிட்ட உரிமைய எழுத்துல மாத்தி வாங்குங்க. ஆஸ்டின் வரிய ஒரு டீ-ஷர்ட் கம்பெனி டிரேட்மார்க் வாங்கிடுச்சு, முதல்ல சொன்னவர் எதிர்த்துப் பாத்தும் நடக்கல. அதே சமயம் உரிமைய கையில வச்சுகிட்டு ஊர்க்காரங்களுக்கு எளிமையா அனுமதி குடுங்க, சின்ன கடைக்காரர் தன் போர்டுல உங்க ஐகான போட்டா அது உங்களுக்கு இலவச விளம்பரம்.

ஒம்பதாவது படி: வெளியிடுறது

2016ல அமெரிக்காவுல ரோட் ஐலேண்ட் மாநிலம் "கூலர் அண்ட் வார்மர்"னு ஒரு வரி வெளியிட்டுச்சு, லோகோ அதே மில்டன் கிளேசர் போட்டது. விளம்பர வீடியோவுல சில நொடி ஒரு பையன் ஸ்கேட்போர்ட் ஓட்டுற காட்சி, பின்னாடி தெரிஞ்ச கட்டடம் ஐஸ்லாந்து தலைநகர்ல இருக்குற ஹார்ப்பா இசை அரங்கம். ஊர்க்காரங்க உடனே கண்டுபிடிச்சிட்டாங்க. சில நாள்லயே வரிய கைவிட்டாங்க, பொறுப்பா இருந்த அதிகாரி பதவி விலகுனாங்க. வரி புரியாம இருந்தத கூட மன்னிச்சிருப்பாங்க, இன்னொரு ஊர காட்டி இது உன் ஊர்னு சொன்னத எப்படி மன்னிப்பாங்க? யாரோ எங்கயோ எடுத்து ரெடியா விக்குற ஸ்டாக் வீடியோ, ஸ்டாக் போட்டோ ஒண்ணே ஒண்ணு கூட வேணாம். எல்லாம் உங்க தெருவுல, உங்க ஆளுங்கள வச்சு எடுங்க.

பெரிய விழா வச்சு திரைய விலக்குறத விட, ஒரு நாள் காலையில பஸ் ஸ்டாப்புல புது வழிகாட்டிப் பலகை நிக்கட்டும், எழுத்து நல்லா படிக்குற மாதிரி, திசை சரியா. ஜனங்க முதல்ல உபயோகத்த பாப்பாங்க, அப்புறம் அழக பாப்பாங்க, அதுக்கப்புறம் யார் செஞ்சதுன்னு கேப்பாங்க. பழைய போர்டு எல்லாத்தையும் ஒரே நாள்ல பிடுங்காதீங்க, பழசானது பழசாக மாத்துங்க, வீண் செலவுங்கற பேச்சு பாதி அடங்கிடும்.

பத்தாவது படி: அப்புறம்

பொறுப்புக்கு ஒரே ஒரு ஆள வைங்க, எந்த துறை லோகோவ நீட்டி இழுத்து போஸ்டர் அடிச்சாலும் வேணாம்னு சொல்ற அதிகாரத்தோட. இருபது பக்கத்துக்குள்ள ஒரு விதிப் புத்தகம் போதும், இருநூறு பக்கம் எழுதுனா யாரும் திறக்க மாட்டாங்க.

ஜெயிச்சதுக்கு அப்புறமும் கவனமா இருங்க. நெதர்லாந்து தலைநகர் ஆம்ஸ்டர்டாம் 2004ல கொண்டு வந்த "ஐ ஆம்ஸ்டர்டாம்" அவ்ளோ பிரபலமாச்சு, ரைக்ஸ் மியூசியம் முன்னாடி இருந்த ஆளுயரத்துக்கும் மேலான எழுத்துங்க கிட்ட போட்டோ எடுக்கவே கூட்டம் அலைமோதுச்சு. சுற்றுலாக் கூட்டம் தாங்காம ஊர்க்காரங்க மூச்சு முட்டுனப்போ 2018 டிசம்பர்ல நகர சபையே அந்த எழுத்துங்கள அங்க இருந்து தூக்கிடுச்சு. வரி அதே வரிதான், ஊரோட தேவை மாறிடுச்சு.

அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ அதே கேள்விங்கள தூக்கிட்டு திரும்பப் போங்க, முடிஞ்சா அதே ஆளுங்ககிட்ட, கூடவே புதுசா குடிவந்த பத்து பேர்கிட்டயும். முதல் தடவ எழுதுன நோட்ட கையில வச்சுகிட்டு உக்காருங்க, பக்கத்து பக்கத்துல பதில எழுதிட்டு வாங்க. ஸ்லோகன பத்தி நீங்களா வாய் திறக்காதீங்க, அவங்க பேச்சுல அது தானா வருதான்னு மட்டும் கேளுங்க.